சுருங்கிவரும் கிளான் சங்கம்: செயலாளர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கிளாஸ்கோவில் வசிக்கிறேன். கணவர் ஸ்காட்லாந்துக்காரர். அவர்கள் குடும்பப் பெயரில் நூறாண்டுக்கும் மேல் பழைய கிளான் சங்கம், அதாவது குலச் சங்கம், ஒன்று இருக்கிறது. யாரும் முன்வராததால் செயலாளர் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்துவிட்டது. பட்டியலில் 140 பெயர்கள். பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். சந்தா ஆண்டுக்கு 15 பவுண்டு, அதற்கு இரண்டு அச்சிதழ். போன ஆண்டுப் பொதுக்குழுவுக்குக் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) சேரவில்லை. புதியவர்களை எப்படிச் சேர்ப்பது?

பதில்: புதியவர்கள் இருக்கட்டும். 140 என்பதே மெய்யான எண்தானா என்று முதலில் பாருங்கள். கடந்த பதினெட்டு மாத வங்கி அறிக்கையையும் உறுப்பினர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் பெயராக டிக் அடியுங்கள். முழுச் சந்தா கட்டியவர், பழைய தொகையையே கட்டுபவர், ஒன்றுமே கட்டாதவர் என்று மூன்று கூட்டமாகப் பிரியும். கடைசிக் கூட்டத்தில் சிலர் காலமாகியிருப்பார்கள். இதழ் மட்டும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

நடுக் கூட்டம்தான் பழைய சங்கங்களின் தீராத தலைவலி. சந்தா 10 பவுண்டிலிருந்து 15 ஆகி வருடங்கள் ஓடியிருக்கும். வங்கியில் விழுவது இன்னும் 10 பவுண்டுதான். இதில் யாருடைய கள்ளத்தனமும் இல்லை. ஸ்டாண்டிங் ஆர்டர் என்பது உறுப்பினர் தன் வங்கிக்குக் கொடுத்த உத்தரவு. அந்தத் தொகையை அவர்தான் மாற்றமுடியும், சங்கத்தால் முடியாது. டைரக்ட் டெபிட் அப்படியல்ல. முன்கூட்டித் தெரிவித்துவிட்டுச் சங்கமே தொகையை மாற்றலாம். சிறு சங்கங்களுக்கு இந்த வசதியைச் செய்துதரும் இணையச் சேவைகள் இருக்கின்றன, வசூலுக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் பிடிப்பார்கள். புதியவர்களை முதல் நாளிலிருந்தே டைரக்ட் டெபிட்டில் சேர்த்துவிடுங்கள். பழையவர்களுக்குப் பாக்கி என்ற சொல்லே இல்லாமல், புதுத் தொகை, மாற்றவேண்டிய தேதி, நிரப்பிய படிவம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக் கடிதம் போடுங்கள். எண்பது வயதுப் பெரியவருக்குத் தொலைபேசியில் பேசிவிடுவது மேல்.

அடுத்தது இதழ்ச் செலவு. ஒரு பிரதிக்கு அச்சு 3 பவுண்டு, வெளிநாட்டுத் தபால் 4 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கனடாவிலோ நியூசிலாந்திலோ இருக்கும் உறுப்பினருக்கு இரண்டு இதழ் அனுப்பினால் 14 பவுண்டு போய்விடும். அவர் கட்டிய 15 பவுண்டில் சங்கத்துக்கு நிற்பது ஒரு பவுண்டு. இந்தக் கணக்கில் உறுப்பினர் பெருகினாலும் வேலைதான் பெருகும், பணம் பெருகாது. அடிப்படைச் சந்தாவுக்குப் பிடிஎஃப் மட்டும், அச்சுப்பிரதி வேண்டுவோருக்கு நாட்டைப் பொறுத்துத் தனிக் கட்டணம் என்று பிரித்துவிடுங்கள். அச்சை அடியோடு நிறுத்திவிடவும் வேண்டாம். பெரியவர்களுக்குச் சங்கம் என்றாலே அந்த இதழ்தான்.

ஆயுள் சந்தாவையும் பாருங்கள். எப்போதோ 100 பவுண்டு கட்டியவருக்கு முப்பது வருடமாக இதழ் போகும். அந்த 100 பவுண்டு வந்த வருடமே செலவாகியிருக்கும். தொடர வேண்டுமென்றால் ஆண்டுச் சந்தாவைப் போல இருபது மடங்கு வாங்குங்கள். அதைத் தனிக் கணக்கில் போட்டு, ஆண்டுக்கு இருபதில் ஒரு பங்கை மட்டும் வரவாக எடுங்கள். முடியாதென்றால் ஆயுள் சந்தாவையே மூடிவிடுவது நல்லது.

கோரம் சேராததற்கு உறுப்பினர்களை நொந்து பயனில்லை. எல்லோரும் ஒரே ஊரில் இருந்த காலத்தில் எழுதிய விதி அது. கோரத்தைக் குறைப்பது, இணையவழியில் கலந்துகொண்டு வாக்களிக்க அனுமதிப்பது, ஒரு பொறுப்பில் ஒருவர் தொடர்ச்சியாக மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது: இந்த மூன்று திருத்தங்களையும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அந்தக் கூட்டத்துக்கு மட்டும் எப்பாடுபட்டாவது பழைய விதிப்படிக் கோரம் சேர்க்கவேண்டும். விருந்தோடு சேர்த்து வைத்தால் சேரும். அன்றைக்கே வங்கிக் கணக்குக்குக் கையெழுத்திடுவோர் மூன்று பேர், அவர்களில் எவரேனும் இருவர் போதும் என்றும் மாற்றிவிடுங்கள். பொருளாளர் ஒருவரே கையெழுத்துப் போட்டுவந்து, அவர் படுத்துவிட்டால், கணக்கைத் திறக்க மாதக்கணக்கில் அலையவேண்டி வரும்.

சங்கம் அறநிறுவனமாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. பதிவாகியிருந்தால் ஓ.எஸ்.சி.ஆர். என்னும் ஸ்காட்லாந்து ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கு போகவேண்டும். விதித் திருத்தங்களை மூன்று மாதத்துக்குள் தெரிவித்தால் போதும், ஆனால் சங்கத்தின் நோக்கங்களை மாற்ற முன்னனுமதி வேண்டும். சட்டப்படித் தனி வடிவம் இல்லாத வெறும் சங்கமென்றால், கடனோ வழக்கோ வந்தால் நிர்வாகிகளின் சொந்தப் பைக்கே ஆபத்து வரலாம். 2011 முதல் அறநிறுவனங்களுக்கு எஸ்.சி.ஐ.ஓ. என்ற சட்ட வடிவம் இருக்கிறது; அதில் கடனும் வழக்கும் சங்கத்தின் பேரில்தான் நிற்கும். மூன்று அறங்காவலர்கள் போதும். அதற்குப் பாரம்பரியத்தையோ கல்வியையோ வளர்ப்பது போன்ற பொதுநல நோக்கம் இருக்கவேண்டும், பலன் பொதுமக்களுக்கும் போகவேண்டும். உறுப்பினர்களுக்குள் விருந்து, உறுப்பினர்களுக்கு மட்டும் வம்சாவளி உதவி என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

இதில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பழைய சங்கத்தை அப்படியே எஸ்.சி.ஐ.ஓ. ஆக மாற்ற முடியாது. புதிதாக ஒன்றைத் தொடங்கி, சொத்தை அதற்கு மாற்றி, பழையதைக் கலைக்கவேண்டும். வங்கிக் கணக்கு மாறும். எல்லா ஸ்டாண்டிங் ஆர்டரும் மறுபடி போடவேண்டும். ஆகவே சந்தா ஒழுங்கையும் இதையும் ஒரே ஆண்டில், ஒரே கடிதத்தில் முடித்துவிடுங்கள். அறநிறுவனமானால் கிஃப்ட் எய்ட் கிடைக்கும்: பிரிட்டனில் வரி கட்டும் உறுப்பினர் ஒப்புதல் கொடுத்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் தரும். 20 பவுண்டு சந்தாவுக்கு 5 பவுண்டு. பதிலுக்குச் சங்கம் உறுப்பினருக்குத் தரும் பலன் சந்தாவில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. விருந்துச் சீட்டை இலவசமாகக் கொடுத்தால் தாண்டிவிடும்.

இனி வளர்ச்சி. கிளான் என்ற கேலிக் சொல்லுக்குப் பிள்ளைகள் என்று பொருள். ஆனால் சங்கத்தின் கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் குலப்பெருமை தேடி வருவதில்லை. ஒரு தாத்தாவைத் தேடி வருகிறார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்தோ நியூசிலாந்தின் டனீடினிலிருந்தோ ஒருவர், என் கொள்ளுப்பாட்டன் எந்த ஊர் என்று மின்னஞ்சல் போடுவார். அந்த மின்னஞ்சல் மூன்று மாதம் பதிலில்லாமல் கிடப்பதுதான் சங்கங்கள் தேய்வதற்கு முதல் காரணம். முகநூலில் இலச்சினைப் படம் போட்டுப் பத்தாயிரம் விருப்பக்குறி வாங்குவதைவிட, ஏழு நாளுக்குள் ஒரு நல்ல பதில் அனுப்புவது அதிக உறுப்பினர்களைத் தரும்.

நல்ல பதில் என்பது முழு வம்சாவளி அல்ல. தெரிந்த மிகப் பழைய பெயர், ஊர் அல்லது பாரிஷ் (தேவாலயப் பங்கு), தோராயமான ஆண்டு, மனைவி பெயர், எந்தத் திருச்சபை என்று ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். பிறகு அடுத்து எடுக்கவேண்டிய ஒரே ஒரு படியைச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. இங்கே இறப்புப் பதிவில் தகப்பன் பெயரோடு தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும், பதிவு செய்தவருக்குத் தெரிந்திருந்தால். 1860இல் எழுபது வயதில் இறந்தவரின் பதிவு ஒன்றே நம்மை 1790க்கு முந்திய தலைமுறைக்குக் கொண்டுபோய்விடும். ஸ்காட்லாந்து அரசின் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் அந்தப் பதிவின் படத்தைக் கட்டணம் கட்டி எடுக்கலாம். அதற்கு முந்தியவை பழைய பாரிஷ் பதிவேடுகள். ஹைலாண்ட்ஸ் என்னும் வட மலைப்பகுதியில் அவை பல இடங்களில் மிகத் தாமதமாகத் தொடங்குகின்றன, ஓட்டைகளும் அதிகம். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கத்தோலிக்கப் பதிவேடுகளைத் தனியே பார்க்கவேண்டும். அதனால்தான் திருச்சபையைக் கேட்கச் சொன்னோம். பதிலின் கடைசி வரியில் சேரும் படிவத்துக்கான இணைப்பை வையுங்கள். சந்தா கட்டினால்தான் முதல் பதில் என்று நிறுத்திவைக்காதீர்கள்.

கிடைத்த ஐந்து விவரங்களையும் விரிதாளில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். இரண்டு வருடத்தில், ஒரே பாரிஷிலிருந்து போன குடும்பங்கள் வரிசையாகத் தெரியத் தொடங்கும். அவர்களை அறிமுகம் செய்துவைக்கும் வேலையைச் சங்கத்தைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். உயிரோடிருப்பவர்களின் விவரத்தை மட்டும் அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் இதழில் போடவேண்டாம்.

யாரைச் சேர்ப்பது என்பதில் தாராளமாக இருங்கள். குடும்பப் பெயரை வைத்து ஆள் பிரிப்பது இங்கே சரிவராது. மக்ரெகர் என்ற பெயரே 1603இல் தடை செய்யப்பட்டது, தடை முழுதாக நீங்கியது 1774இல். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் மர்ரி, டிரமண்ட், கேம்பல் என்று கிடைத்த பெயரில் வாழ்ந்தார்கள். செப்ட் என்னும் கிளைப்பெயர்ப் பட்டியல்களில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்தவை. ஒரே பெயர் நான்கு குலங்களில் வரும். பெயர், வம்சம், திருமணம், ஆர்வம் ஆகிய நான்கில் எதுவும் போதும் என்று விதியில் எழுதிவிடுங்கள். (அந்த மூன்றாவது சொல் இல்லாவிட்டால் உங்கள் பொறுப்பே செல்லாது!)

டி.என்.ஏ. பரிசோதனை பற்றியும் கேள்விகள் வரும். ஒய்-டி.என்.ஏ. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது, அதனால் அந்தப் பரிசோதனை ஆண்களுக்கு மட்டுமே. பெண் தன் தகப்பனார், சகோதரன் போன்ற தந்தைவழி ஆண் ஒருவரைத்தான் கேட்கவேண்டும். முடிவு வருமுன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள் அவர் பெயரையே ஏற்ற வழக்கம் உண்டு. மாவுக்காக ஃபிரேசர் ஆனவர்கள் என்று ஸ்காட்லாந்தில் ஒரு கேலிப்பேச்சே இருக்கிறது. தலைவர் வம்சத்தோடு பொருந்தவில்லை என்பதால் அவர் குலத்தார் இல்லை என்றாகிவிடாது. இதை முன்னால் சொல்லாத சங்கங்கள் ஏமாந்த உறுப்பினர்களை இழந்திருக்கின்றன.

ஹைலாண்ட் விளையாட்டு விழாக்களில் கூடாரம் போடுவது பழைய வழி, இன்றும் பலிக்கும். ஆனால் கூடாரத்துக்குள் நிர்வாகிகள் வட்டமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் யாரும் எட்டிப்பார்க்கமாட்டார்கள். மேசையை வாசலுக்கு இழுத்துப் போடுங்கள். குலத்தின் பழைய நிலப்பரப்பைக் காட்டும் பெரிய வரைபடம், கிளைப்பெயர்கள் எழுதிய பலகை, ஐந்து விவரங்களுக்கான அரைத்தாள் படிவம்: இவ்வளவு போதும். கூடாரத்தின் ஒவ்வொரு காலிலும் போதிய பாரம் கட்டாவிட்டால் காற்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகும். பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சான்றை விழா நடத்துவோர் கேட்பார்கள்; பெரும்பாலும் 50 லட்சம் பவுண்டுக்கு.

செலவில்லாத நிகழ்ச்சிகளும் உண்டு. ஏப்ரல் 16ஐ ஒட்டிய சனிக்கிழமை கலோடன் போர்க்களத்தில் நினைவு நிகழ்ச்சி நடக்கும். உங்கள் குலத்தார் 1746இல் அங்கே போரிட்டிருந்தால் மலர்வளையத்தோடு போங்கள். இளையவர்களுக்கு இளைஞர் அணி என்று பெயர் மட்டும் கொடுத்தால் வரமாட்டார்கள், வேலை கொடுத்தால் வருவார்கள். பழைய தேவாலய மயானத்துக் கல்வெட்டுகளைப் படமெடுத்துப் படியெடுப்பது நல்ல வேலை. சாய்ந்த வெயிலில் எழுத்து தானே எழும்பும். சுண்ணக்கட்டியும் கம்பித் தூரிகையும் கல் பக்கமே போகக்கூடாது, பாசியைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து உதிரும்.

உலகம் முழுவதும் அழைத்து மாநாடு வைக்கலாமா என்ற ஆசை குழுவில் யாருக்காவது நிச்சயம் வரும். 2009 ஜூலையில் எடின்பரோ ஹோலிரூட் பூங்காவில் நடந்த மாபெரும் கூடலுக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள், இருந்தும் அது பெருங்கடனில் முடிந்தது. பேருந்து, மண்டபம், விருந்து எல்லாவற்றையும் அறுபது சதவீத இருக்கை நிரம்பினாலே கட்டுப்படியாகும் விலையில் வையுங்கள். முன்பணம் வராத இருக்கையை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

குலத்தலைவர் இருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம். பியூகனன் குலம் மூன்று நூற்றாண்டுக்கு மேல் தலைவர் இல்லாமல் இருந்து, 2018இல்தான் ஒரு தலைவருக்கு லார்ட் லயன் என்னும் ஸ்காட்லாந்து இலச்சினை அதிகாரியின் அங்கீகாரம் பெற்றது. சங்கத்தலைவர் வேறு, குலத்தலைவர் வேறு; உங்கள் குழுவின் தகராறுகளை அவரிடம் கொண்டுபோகாதீர்கள். ஆண்டுக்கு ஒரு பக்கக் கடிதம், ஒரு நிகழ்ச்சிக்கு வருகை என்று கேளுங்கள். அவருடைய கேடய இலச்சினை அவருடைய தனிச்சொத்து, அதைச் சங்கத்தின் கடிதத்தாளில் அச்சடிக்கக்கூடாது. குலத்தார் அணியலாம் என்பது அவருடைய உச்சிச்சின்னத்தை (கிரெஸ்ட்) வாரும் கொக்கியும் சுற்றிய பேட்ஜை மட்டும்தான். இலச்சினைகள் பற்றிய 1672ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, லயன் நீதிமன்றத்துக்கென்று வழக்குத் தொடுக்கும் அதிகாரியும் இருக்கிறார். டி-சட்டையோ கோப்பையோ அடிக்கும் முன் குலத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

மற்ற செயலாளர்களுக்கு வாய்க்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது: நீங்கள் தமிழர். குலங்கள் பலவற்றிலிருந்தும் ஆட்கள் மதராஸ் படையிலும் இலங்கைத் தோட்டங்களிலும் இருந்தார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கே ஈஸ்டர் ராஸில் ஃபைரிஷ் குன்றின் மேல் 1782இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தளபதி ஹெக்டர் மன்றோ எழுப்பிய வளைவு நாகப்பட்டினத்துக் கோட்டைவாசலின் சாயல். அங்கே நடைப்பயணம் வைத்தால் வழிகாட்ட உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். மதராஸ் மாகாணத் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையில் இருக்கின்றன. பாட்டன் இந்தியாவுக்குப் போனவர் வரவேயில்லை என்று எழுதும் உறுப்பினரின் மின்னஞ்சலை மட்டும் வேறு யாருக்கும் தள்ளாமல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.