வாசகர் கேள்வி – பதில்: மலைக்கு எந்த வீதியால் ஏறி, எந்த வீதியால் இறங்குவது?

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் முழங்கால் வலியுள்ள மாமியுமாக எங்கள் வேகன் ஆர் காரில் எல்ல, பண்டாரவளை, பதுளைப் பக்கம் மூன்று நாள் போய்வர எண்ணியிருக்கிறோம். கணவர் பல ஆண்டுகளாக வாகனம் ஓட்டுபவர்; ஆனால் மலை வீதியில் ஓட்டியதில்லை. தொலைபேசி வரைபடம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பாதையைக் காட்டுகிறது. மலையையும் கிராமங்களையும் பார்த்துக்கொண்டு போக எந்த வழி நல்லது?
– ஒரு வாசகி, கல்முனை

பதில்: நம் கரையிலிருந்து ஊவா மலைக்கு இரண்டு பெரிய வீதிகள் இருக்கின்றன. ஒன்று, மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாகத் தெற்கே போய், அங்கிருந்து மேற்கே திரும்பி லகுகலை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று செல்லும் ஏ-4 வீதி. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏ-23 வீதி ஏறுகிறது. மற்றது, செங்கலடியில் தொடங்கி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைக் கடந்து கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் ஏ-5 வீதி. போன வழியாலேயே திரும்பாமல், முதல் வீதியால் ஏறி இரண்டாவது வீதியால் இறங்குங்கள் என்பதே என் யோசனை. திசையை மாற்ற வேண்டாம். அதற்குக் காரணம் காட்சியல்ல, பிரேக்.

எல்ல கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. வெல்லவாய சமவெளியின் விளிம்பில் இருக்கிறது. இந்த உயரத்தை அந்த வீதி முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் கடப்பதால், ஏறும்போது இயந்திரம்தான் சிரமப்படும். இறங்கும்போதோ ஐந்து பேரின் பாரமும் பொதிகளின் பாரமும் பிரேக்கின் மேல் வந்து நிற்கும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு வரும் வீதியும் வளைவுகள் நிறைந்ததுதான், ஆனால் அது இறக்கத்தை நீண்ட தூரத்துக்குப் பங்கிட்டுத் தருகிறது. மலையைப் புதிதாகப் பழகும் சாரதிக்கு இந்த வேறுபாடு பெரியது.

முதல் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்படுங்கள். அதற்கு முந்தினால் லகுகலையை இருட்டோடு கடக்க நேரும். அது யானைகள் வீதியைக் கடக்கும் இடம். வெளிச்சம் வந்த பிறகு போனால், குளத்தில் நிற்கும் யானைகளைக் காரை விட்டு இறங்காமலே பார்க்கும் வாய்ப்பும் உண்டு. பொத்துவிலில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிய சிறிது நேரத்தில் வயல்களுக்கு அப்பால் கோவிந்த ஹெல என்னும் தனிப்பாறை எழுந்து நிற்பதைக் காணலாம். மலை தொடங்கிவிட்டது என்று பிள்ளைகள் கூவும் இடம் அதுதான். மொனராகலையில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு வளைவில் ஏறினாலும், வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறினாலும் பிள்ளைகளுக்குக் குமட்டும். ஆளுக்கொரு சிறு இஞ்சித் துண்டு கையில் இருக்கட்டும்.

வெல்லவாயவில் பத்து நிமிடம் நின்று இயந்திரத்தை ஆறவிட்டு ஏறுங்கள். ஏற்றம் கடுமையான இடத்தில் குளிரூட்டியை நிறுத்தினால் சிறிய இயந்திரத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்; அந்த உயரத்தில் கண்ணாடியை இறக்கினாலே குளிர்ந்த காற்று வந்துவிடும். இராவணன் நீர்வீழ்ச்சி வீதியை ஒட்டியே விழுவதால் மாமிக்கு நடை இல்லை. ஆனால் வளைவில் நிறுத்தாமல், ஒதுக்கிய இடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். எல்ல நகரில் நெரிசல் அதிகம். இரவுத் தங்கலைப் பண்டாரவளையில் வைத்துக்கொள்வது குடும்பத்துக்கு வசதி என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் நாளை முழுவதும் எல்ல, தெமோதரை, பதுளைக்குள் செலவிடுங்கள். 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க எல்லோரும் போவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது தெமோதரை ரயில் நிலையம். அங்கே தண்டவாளம் மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த நிலையத்துக்கே கீழாகச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஒரு பென்சிலால் தாளில் வரைந்து காட்டிவிட்டு அழைத்துப் போனால் பிள்ளைகள் அந்த இடத்தை மறக்க மாட்டார்கள். பதுளைக்கு அருகே 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்தைக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் கரடுமுரடான பாதையில் நடக்க வேண்டும். மாமியோடு ஒருவர் வீதியருகே இருந்துகொள்வது நல்லது.

மூன்றாம் நாள் வீதியைத்தான் நான் மனதார விரும்புகிறேன். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும்போது, 2,000 மீற்றரைத் தாண்டி நிற்கும் நமுனுகுல மலை உங்களோடு கூடவே வரும். தேயிலைத் தோட்டங்களும், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் குடியிருப்புகளும், வளைவுக்கு வளைவு சிறு கோயில்களுமாக அந்த வீதி தமிழ் பேசிக்கொண்டே இறங்குகிறது. ஒரு நாள் காலை பத்து மணியளவில் லுணுகலைக்கு மேலே ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். கொழுந்துப் பையை நெற்றியிலிருந்து முதுகுக்குத் தொங்கவிட்டுக்கொண்டு நான்கு பெண்கள் கொழுந்தை நிறுக்க வந்து நின்றார்கள். ஒருவரின் விரல் நுனிகள் தேயிலைச் சாயத்தில் கறுத்து வெடித்திருந்தன. “எந்த ஊர்?” என்று கேட்டார். “மட்டக்களப்பு” என்றதும், “கடல் பக்கத்திலயா?” என்று கேட்டுவிட்டு, தான் இன்னும் கடலைப் பார்த்ததில்லை என்றார். அவருடைய ஊரைப் பார்க்கத்தான் நாம் விடுமுறையில் போகிறோம். ஆகவே லயன் வாசலில் காரை நிறுத்திக் கேளாமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுடைய கடையில் தேநீர் குடியுங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள்.

லுணுகலைக்குக் கீழே தேயிலை குறைந்து காடும் சேனைப் பயிர் நிலமும் வரும். பிபிலையில் தோடம்பழம் வாங்கலாம்; அந்த ஊர் அதற்குப் பேர்போனது. அங்கேயே பெற்றோலையும் நிரப்பிக்கொண்டு, மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டு, உகண, அம்பாறை, காரைதீவு வழியாகக் கல்முனைக்கு வந்துவிடலாம். மகா ஓயாவை மாலை நான்கு மணிக்கு முன் கடந்துவிட வேண்டும். அதன் பிறகு வீதி யானைகளுக்கு உரியது.

கேள்வி: மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் எரிந்த மணம் வந்தால் என்ன செய்வது? ஓட்டோமட்டிக் காரில் கியரால் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியுமா?
– ஒரு வாசகர், ஏறாவூர்

பதில்: முடியும், கட்டாயம் அப்படித்தான் இறங்க வேண்டும். ‘டி’யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பாமல், ‘எல்’ அல்லது ‘எஸ்’ என்ற நிலைக்கு மாற்றினால் இயந்திரமே காரைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் கியர் என்றால், எந்தக் கியரில் ஏற வேண்டி வருமோ அதே கியரில் இறங்குவது பழைய சாரதிகளின் வழக்கம். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் உராய்வின் சூடு வெளியேற நேரமின்றிச் சேர்ந்து, பிரேக் கட்டைகள் பிடிப்பை இழக்கும். ஈரம் ஏறிய பழைய பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி பஞ்சுபோல உள்ளே போகும். அந்த மிதியை என் காலே உணர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், நான் மேலே சொன்ன திசைக்கு மாறாக, எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு வேன் நிறைய உறவினர்களோடு இறங்கினேன். பின்னால் இருந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, என் கால் இரண்டு அங்குலம் அதிகமாக உள்ளே போனது. முதல் கியருக்குக் கொண்டுவந்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து முக்கால் மணி நேரம் இருந்தோம். ஒருவர் போத்தல் தண்ணீரோடு சக்கரத்தருகே வந்தார், நான் தடுத்தேன். சூடான இரும்பில் தண்ணீர் பட்டால் பிரேக் தட்டு கோணிவிடும். தானாக ஆறவிடுங்கள். புறப்படுவதற்கு முந்திய வாரமே பிரேக் எண்ணெயையும் கட்டைகளையும் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிட்டு, இறங்குபவர் முன்கூட்டியே நிற்க வேண்டும். 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் மைல்கட்டைப் பகுதியில், சரிந்த பாறையால் வீதி ஒடுங்கியிருந்த இடத்தில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நான் பரிந்துரைக்கும் வீதிதான் அது. அந்த வளைவுகளில் நிதானமாகப் போங்கள். பின்னால் வருபவர் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: ஓகஸ்டில் போகலாமா, டிசம்பரில் போகலாமா? டிசம்பரில் மலை இன்னும் பச்சையாக இருக்கும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: ஓகஸ்டில் போங்கள். நம் ஊரில் கச்சான் காற்று வெக்கையாக வீசும் காலம் அது. அந்தத் தென்மேல் காற்று மேற்கு மலைச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக ஊவாவுக்கு இறங்கி, பிறகு நம்மிடம் வருகிறது. அதே காய்ந்த காற்றால்தான் ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏற்படுகிறது. தொழிற்சாலைகளைக் கடக்கும்போது அதை முகர்ந்து பாருங்கள். டிசம்பரில் வடகீழ்ப் பருவ மழை நமக்குப் பெய்வதைப் போலவே பதுளை, பசறை, மடூல்சீமைச் சரிவுகளுக்கும் பெய்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலை மாவட்டங்கள் எங்கும் சரிவுகள் ஏற்பட்டதும் இந்த மழை மாதங்களில்தான். டிசம்பரை விட்டால் வேறு விடுமுறை இல்லை என்றால், தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படும் காலையில் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அது மூன்று படியாக வரும். செம்மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். வழியில் வீதி அடைபட்டிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேட்கலாம். அப்போது தொலைபேசி வரைபடம் காட்டும் தோட்டத்து ஒடுங்கிய வீதியில் மட்டும் காரைத் திருப்பாதீர்கள். கொழுந்து லொறிக்காகப் போட்ட அந்த வீதிகளில் எதிரே ஒன்று வந்தால் பின்னோக்கி எடுக்கக்கூட இடம் இராது.