இடைவெளிக்குப் பின் லொறிச் சாரதிப் பரீட்சை: ஒரு தாயாருக்கு எழுதிய பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மகன் கனரக வாகனப் பயிற்சியை ஏறக்குறைய முடித்திருந்த வேளையில் தகப்பனார் நோயுற்றதனால் அதனை நிறுத்திவிட்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேலாகக் கடையைப் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறார். இப்போது தம்புள்ளையிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வரும் ஒருவர் வேலை தர முன்வந்திருக்கும்போது, லொறியைக் கண்டாலே கை நடுங்குகிறது என்று அவர் பின்வாங்குகிறார். இந்தத் தொழில் அவருக்குச் சரிவராதோ, வளைகுடா நாடொன்றுக்கு அனுப்பிவிடலாமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளிநாட்டுப் பேச்சை முதலில் முடித்துக்கொள்வோம். வளைகுடா நாடுகளில் வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாக ஓடுகின்றன, சாரதியின் இருக்கை இடப்பக்கம் இருக்கிறது. இங்கே லொறியில் ஏற அஞ்சுபவர் அங்கே போய் எல்லாவற்றையும் தலைகீழாகப் பழகுவது இன்னும் கடினம். இங்கே தேறி, நம்முடைய வீதிகளில் சில காலம் ஓடிய பின்னர் வெளிநாடு பற்றி யோசிக்கலாம்.

மகனுடைய அச்சத்தை நான் குறையாகக் கருதவில்லை. பயிற்சியை இடையில் விட்டவர்களுக்குக் கிளச்சும் கியரும் விரைவாகத் திரும்பிவிடும், ஏனெனில் அவற்றைக் கால்களும் கைகளும் நினைவில் வைத்திருக்கின்றன. வாகனத்தின் அளவு பற்றிய உணர்வுதான் மெல்லத் திரும்புகிறது. பின் ரயர் எந்த இடத்தில் உருள்கிறது, பெட்டியின் மூலை எவ்வளவு தூரம் வெளியே வீசுகிறது, கண்ணாடியில் தெரியாத இடம் எது என்பவை இப்போது தமக்குத் தெரியவில்லை என்பதை அவருடைய உடம்பு சரியாகவே அறிந்து நடுங்குகிறது. ஆகவே "பயப்படாதே" என்று சொல்வதனால் ஒன்றும் ஆகாது. தெரியாத அளவுகளை அளந்து தெரிந்துகொள்வதனால்தான் அந்த நடுக்கம் குறையும்.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்தக் காலம் முழுவதும் அவர் மோட்டார் சைக்கிளில் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கிடைத்த இடைவெளியில் நுழைவதும், முன்னால் போகும் வாகனத்தை ஒட்டிப் போவதும், முடக்கில் ஓரத்தை உரசித் திரும்புவதும் மோட்டார் சைக்கிளில் நாளடைவில் படியும் பழக்கங்கள். லொறியில் இவை மூன்றுமே ஆபத்தானவை. திரும்பும்போது பின் ரயர்கள் முன் ரயர்களின் தடத்தை விட்டு உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வருவதனால், முன்பக்கத்தை முடக்கைத் தாண்டிக் கொண்டுபோன பின்னரே சுற்ற வேண்டும். காற்றழுத்தத்தால் இயங்கும் எயார் பிரேக்கில், மிதித்த கணத்துக்கும் பிடிக்கும் கணத்துக்கும் இடையில் அண்ணளவாக அரை வினாடி கழிகிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அந்த அரை வினாடிக்குள் லொறி 7 மீற்றர் ஓடிவிடும். இதை அவரிடம் சொல்லுங்கள். தமக்குத் திறமை போய்விட்டது என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, இடையில் வேறொரு பழக்கம் புகுந்திருக்கிறது என்று தெரிந்தால் மனம் சற்று இலேசாகும்.

பரீட்சைத் திகதியை இப்போதே எடுக்க வேண்டாம். முன்னர் பழகிய சாரதிப் பயிற்சிப் பாடசாலைக்கே போய், ட்ரயல் என்னும் ஓட்டப் பரீட்சைக்குக் கொண்டுபோகும் அதே லொறியில், முடிந்தால் அதே பயிற்றுநரிடம், சில மணித்தியாலங்கள் மட்டும் பழகக் கேட்கட்டும். முதல் நாளில் ஓடவே வேண்டாம். வெறும் வளவொன்றில் லொறியை நிறுத்தி, அதைச் சுற்றி நடந்து, ரயர்கள், சக்கரங்களின் நட்டுகள், விளக்குகள், எண்ணெய், தண்ணீர் ஆகியவற்றைப் பார்த்து, பின்னர் ஏறி இருக்கையையும் கண்ணாடிகளையும் தமக்கேற்பச் சரிசெய்து, இயந்திரத்தை இயக்கிக் காற்றழுத்தம் ஏறுவதையும் எச்சரிக்கை ஒலி நிற்பதையும் பொறுமையாகக் கவனிக்கட்டும். அந்த ஒலி நிற்கும் வரை லொறியை நகர்த்தக் கூடாது. அதன் பின்னர் நீங்களோ அவருடைய தம்பியோ ஒருவர் லொறியின் பின்புறமும் இடப்புறமும் மெதுவாக நடக்க, அவர் இருக்கையில் இருந்தபடி எந்த இடத்தில் ஆள் கண்ணாடியிலிருந்து மறைகிறார் என்று சொல்ல வேண்டும். மறைந்த இடங்களில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். பிறகு அவர் இறங்கி வந்து அந்தக் கோடுகளைத் தம் காலடியால் அளக்கட்டும். இந்த ஒரு மணித்தியாலத்துக்குச் செலவிடும் பணத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

பின்னுக்கு எடுக்கும் பயிற்சியையும் அதே வளவில் தடிகள் நட்டுச் செய்யலாம். சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய சாரதிகளும் இதைச் செய்கிறார்கள். பரீட்சையில் அதற்கு இடமுண்டா என்பதைப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் அன்றைக்குத் தடுமாற்றம் இராது.

வீதிக்கு இறங்கும்போது ஒழுங்கைகளில் தொடங்க வேண்டாம். ஞாயிறு அதிகாலையில் நாவற்குழிக்கும் கைதடிக்கும் இடையிலான கண்டி வீதி அகலமாகவும் நேராகவும் இருக்கும். அங்கே நிதானம் வந்த பின்னர் சுன்னாகம், மருதனார்மடம் பக்கமாகக் காங்கேசன்துறை வீதிக்கும், கடைசியாக ஆஸ்பத்திரி வீதி நெரிசலுக்கும் வரலாம். பாடசாலை தொடங்கும் 7.30 மணியையும் விடும் 1.30 மணியையும் ஆரம்பத்தில் தவிர்க்கச் சொல்லுங்கள். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை வரத் தொடங்கியதிலிருந்து புகையிரதக் கடவைகளையும் நாம் எச்சரிக்கையுடன் கடக்க வேண்டியிருக்கிறது. கடவைக்கு முன் நிறுத்தி, யன்னல் கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்டு, லொறியின் முழு நீளத்துக்கும் மறுபக்கத்தில் இடம் இருக்கிறதென்று கண்ட பின்னரே நகர வேண்டும். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றவே கூடாது.

இதற்கிடையில் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். பயிலுநர் அனுமதிப்பத்திரமும் மருத்துவச் சான்றிதழும் காலாவதியாகியிருக்கக்கூடும். மாவட்டச் செயலகத்தில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அலுவலகத்தில் காட்டினால் எதைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்வார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், அம்மா. பயிற்சி முடிந்து வரும் மகனிடம் "இன்றைக்குச் சரியாக ஓடினாயா" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி நாள்தோறும் ஒரு பரீட்சையாகிவிடும். பரீட்சைத் திகதியை உறவினர்களுக்கு அறிவிப்பதையும் தவிருங்கள். தேறாவிட்டால் பத்துப் பேருக்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்ற சுமை எத்தனையோ பிள்ளைகளுடைய கால்களைக் கிளச்சின் மேல் நடுங்க வைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

வளவுப் பயிற்சிக்குப் பிறகும் நடுக்கம் குறையாமல், நித்திரையும் சாப்பாடும் கெட்டுப்போனால், அல்லது தகப்பனாரின் நோய்க்காலம் அவரை உள்ளுக்குள் வருத்துவதாகத் தோன்றினால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று பதற்றம் குறைக்கும் குளிசைகளை வாங்கிக் கொடுத்து லொறியில் ஏற்றிவிடாதீர்கள், அவற்றுட் சில தூக்கத்தை உண்டாக்கும்.

மூன்று பயிற்சிகள் தொடர்ந்து பயிற்றுநர் குறுக்கிடாமல் முடிந்தால் திகதி எடுக்கலாம். அதுவரை வேலை தருபவரிடம் உள்ளதை மறைக்காமல் சொல்லி, ஒரு மாத அவகாசம் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் கிடைக்கும் வரை உதவியாளராக லொறியில் கூடப் போக அவர் சம்மதித்தால், மகனுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை: முறிகண்டியில் எங்கே நிறுத்துகிறார்கள், பாரம் ஏறிய லொறி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் சுக்கானைப் பிடிக்காமலே பார்த்துக்கொள்வார்.