ஒரே பேட்டையில் இரண்டு குழந்தைகளுக்கு இப்படி, புகைதான் காரணமா டாக்டர்?

கேள்வி: எண்ணூரில் இருக்கிறோம். என் தங்கைக்குப் பிறந்த பையனுக்கு மலத்துவாரமே இல்லை, வயிற்றில் துளை போட்டுப் பை வைத்திருக்கிறார்கள். போன வருடம் அடுத்த தெருக் குழந்தைக்கு உணவுக்குழாய் அடைப்பு. ஆலைப் புகையால் வந்ததா? கிரகணத்தில் வெளியே போனாய் என்று மாமியார் வீட்டில் அவளைத் திட்டுகிறார்கள்.

பதில்: முதலில் தங்கையிடம் சொல்லுங்கள், கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கருவின் முதல் எட்டு வாரத்துக்குள், குடலின் கடைசிப் பகுதி பிரிந்து வெளியே திறக்கிற வேலை பாதியில் நின்றுபோவதால் வருவது இது. அவள் செய்த தப்பு எதுவும் இல்லை. மாமியாரிடம் இதைப் படித்தே காட்டுங்கள்.

புகையா என்றால், இரண்டு குழந்தைகளை வைத்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மலத்துவாரம் இல்லாமல் பிறப்பது சுமார் 5000 பிறப்புக்கு ஒன்று. வருடத்துக்கு 5000 பிரசவம் நடக்கிற இடத்தில் ஒரு வருடம் ஒன்றுமே இருக்காது, அடுத்த வருடம் மூன்று வரும், அது தற்செயலாகவும் இருக்கலாம். பல வருடக் கணக்கு கையில் இருந்தால்தான் பேச முடியும்.

அந்தக் கணக்குதான் நம்மிடம் சரியாக இல்லை, எனக்கு ஆற்றாமையே அதுதான். அம்மா வீடு மணலியில், பிரசவம் ராயபுரத்தில், ஆபரேஷன் எழும்பூரில். ஆஸ்பத்திரி வாரியாக எண்ணினால் எழும்பூரில்தான் குறை அதிகம் என்று வரும், கர்ப்பமாக இருந்தபோது தாய் குடியிருந்த தெருவை வைத்து எண்ண வேண்டும். இறந்து பிறந்ததையும், ஸ்கேனில் தெரிந்து கலைத்ததையும் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவில் பிறவிக் குறைகளைப் பதிவு செய்யும் யூரோகேட் அமைப்பு 1979இல் தொடங்கியது, அவர்கள் இதையெல்லாம் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். இங்கே 2013இல் வந்த, குழந்தைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இதயக் குறை என்று ஒன்பது பிறவிக் குறைகள் பட்டியலில் இருக்கின்றன, உணவுக்குழாயும் குடலும் அதில் இல்லை.

உணவுக்குழாய் அடைப்பு என்றால், பிறந்த குழந்தையின் வாயில் நுரை நுரையாக எச்சில் வழியும், மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தால் பத்து சென்டிமீட்டரில் தட்டி நிற்கும், உடனே வார்டே ஓடும். உயிரைக் காப்பாற்றும் ஓட்டம் அது, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் முழுப் பெயரும் அதற்கான சர்வதேச நோய்க் குறியீடும் (உணவுக்குழாய்க்கு க்யூ 39, மலத்துவாரத்துக்கு க்யூ 42 போல) எழுதப்படாவிட்டால், நாளைக்கு யார் எண்ணினாலும் அந்தக் குழந்தை கணக்கில் வராது. தாய்க்குத் தாய் பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண் இருக்கிற ஊரில், மனம் வைத்தால் இதைக் கோர்த்துவிடலாம். உங்கள் பங்குக்கு, தங்கை குழந்தையின் சம்மரியில் நோயின் பெயரும் கர்ப்பகால முகவரியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட அவசரம் ஒன்று. மலத்துவாரம் இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேறு குறையும் கூட இருக்கும். இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன், கீழ்முதுகு எலும்புக்கு எக்ஸ்ரே மூன்றும் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் அடுத்த ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.