Re: 8 அத்தியாயம், 40 குடோஸ், கமென்ட் 2 மட்டும்: நிறுத்திடலாமா?

ரெண்டே கமென்ட்தான் வந்ததுன்னு தொடர்கதையை நிறுத்தாதீங்க நண்பரே, அந்த 40 குடோஸை (பிடிச்சிருந்தா வாசகர் அழுத்துற பாராட்டுப் பொத்தான்) வைச்சு முடிவெடுக்கவும் வேண்டாம். ஏஓ3-ல (Archive of Our Own, ரசிகர் புனைகதைத் தளம்) ஒரு கணக்குக்கு ஒரு படைப்புக்கு ஒரே குடோஸ்தான், அத்தியாயத்துக்கு ஒண்ணு இல்லை. முதல் அத்தியாயத்துல அழுத்தினவர் எட்டாவதுல கண் கலங்கினாலும் மறுபடி அழுத்த வழியில்லை. ஹிட்டையும் (படைப்பைத் திறந்த எண்ணிக்கை) நம்ப முடியாது, ஒரே வாசகர் பின்னாடி திரும்ப வந்தாலும் அது கூடலாம். உங்க புள்ளிவிவரப் பக்கத்துல சந்தா எண்ணிக்கையை (புது அத்தியாயம் வந்தா அறிவிப்பு வேணும்னு கேட்டவங்க) பாருங்க. தொடர்ந்து வர்றவங்க அங்கதான் தெரிவாங்க.

ஆனா எந்தக் காட்சி பிடிச்சது, எது இடறுச்சுன்னு கமென்ட் மட்டும்தான் சொல்லும். காசு வராத எழுத்துல அதுதான் கூலி, அதனால உங்க வருத்தம் நியாயமானதே.

முதல்ல உங்க படைப்போட கமென்ட் அமைப்பைச் சரிபாருங்க: தளத்துல கணக்கு இருக்கிறவங்க மட்டும் கமென்ட் போடலாம்னு இருந்தா, கணக்கில்லாத வாசகர் எழுத முடியாது. அப்புறம் அத்தியாயக் கடைசிக் குறிப்புல ஒரே ஒரு கேள்வி. "எப்படி இருந்தது?"ன்னு கேட்டா "சூப்பர்"தான் வரும். அதுக்குப் பதிலா கதையில ஒரு காட்சியைச் சொல்லி, உதாரணமா "அவள் கடிதத்தைப் படிக்காமலே எரிச்சது நம்பும்படி இருந்ததா?"ன்னு கேளுங்க. குறை சொல்லலாம்னும் எழுதிடுங்க, பலர் புண்படுத்திடுவோமோன்னுதான் ஒதுங்குறாங்க. வந்த ரெண்டு கமென்ட்டுக்கும் இன்னைக்கே பதில் போடுங்க.