நான்கு வால்வுக்கு ஐந்து வயர்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: வீட்டு முன்புறம் சரிவான புல்தரை. தெளிப்பானுக்கு நான்கு வால்வுகளும் ஒரு டைமரும் வாங்கிவிட்டேன். வயரிங் எப்படிச் செய்வது? மோட்டாரும் தானாக ஓட வேண்டும்.

முதலில் வால்வின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 24 வோல்ட் ஏ.சி. என்றிருக்கும். அப்படியானால் வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் டைமரின் டிரான்ஸ்ஃபார்மரோடு நின்றுவிட வேண்டும். தோட்டத்துக்குள் போவது 24 வோல்ட் மட்டுமே.

ஒவ்வொரு வால்விலும் இரண்டு வயர்கள் இருக்கும். எது எந்தப் பக்கம் என்ற கவலை வேண்டாம். நான்கு வால்விலிருந்தும் ஒவ்வொரு வயரை எடுத்து ஒரே வயரில் சேருங்கள். அதுதான் காமன், டைமரில் ‘சி’ என்று குறித்த முனைக்குப் போகும். மீதி நான்கும் 1, 2, 3, 4 என்ற முனைகளுக்கு. ஆக ஐந்து வயர். ஆனால் ஏழு வயர் உள்ள கேபிளாக வாங்குங்கள். பின்னால் ஒன்று அறுந்தால் புல்தரையை மறுபடி தோண்ட வேண்டியிராது.

பழுது வருவது பெரும்பாலும் இணைப்புகளில்தான். மலையில் மழைக்காலம் முழுக்க மண் காய்வதே இல்லை. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஈரம் உள்ளே புகுந்து செம்பு பச்சை பூத்துவிடும். வால்வுக்குப் போதிய மின்சாரம் போகாது. கிரீஸ் நிரப்பிய, நீர்புகாத கனெக்டரையே போடுங்கள். நாலு காசு கூடப் போனாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இணைப்பு வால்வுப் பெட்டிக்குள் மட்டும் இருக்கட்டும், நடுவழியில் மண்ணுக்குள் வேண்டாம். சரிவின் கடைசிப் பெட்டியில்தான் தண்ணீர் தேங்கும். அடியில் சரளைக்கல் பரப்புங்கள். கேபிளை பி.வி.சி. குழாய்க்குள் விட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். காட்டுப்பன்றி வந்து கிளறும் ஊர் அல்லவா?

மோட்டாரை டைமரோடு நேரடியாக இணைக்கவே கூடாது. டைமர் எரிந்துவிடும். டைமரின் பம்ப் முனையிலிருந்து 24 வோல்ட் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஒன்றை இயக்கி, அந்த ரிலே வழியாக மோட்டாரை ஓடவிட வேண்டும். இந்த 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். எர்த்தும் மின்கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தெளிப்பான் ஓடாமலிருக்க மழை சென்சார் ஒன்றையும் பொருத்தலாம். டைமரில் அதற்குத் தனி முனை இல்லையென்றால் காமன் வயரின் இடையில் அதை இணைத்தால் போதும்.

குழியை மூடுமுன் மின்சாரத்தை நிறுத்தி, டைமரிலிருந்து வயர்களைக் கழற்றி, காமனுக்கும் ஒவ்வொரு வயருக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சாதாரணமாக 20 முதல் 60 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டிய பிறகு மண்ணைத் தள்ளுங்கள்.