பேருந்து, ரயில் நேர அட்டவணை தயாரிக்கும்போது பயணிகளின் வசதியையும் இயக்கச் செலவையும் எப்படிச் சமன் செய்கிறார்கள்?

வசதியைக் கொஞ்சம் கூட்டினால் செலவும் கொஞ்சம் கூடும் என்ற எண்ணத்திலிருந்துதான் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுகிறது. அட்டவணை தயாரிக்கும் பணியில் இருந்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. அரை வண்டியை ஓட்ட முடியாது என்பதால், செலவு படிக்கட்டைப் போல முழு வண்டி கணக்கில்தான் ஏறுகிறது அல்லது இறங்குகிறது. அந்தப் படி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே இந்த வேலையில் பாதி.

ஒரு வழித்தடத்தில் போக 50 நிமிடம், வர 50 நிமிடம், இரு முனைகளிலும் தலா 5 நிமிட நிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 110 நிமிடம் ஆகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வேண்டுமென்றால் கணக்கு ஐந்தரை வண்டி என்று வரும். ஆகவே ஆறு வண்டிகளை விட வேண்டும், அவை சுற்றுக்குப் பத்து நிமிடம் சும்மா நிற்கும். இடைவெளியை 22 நிமிடமாக்கினால் ஐந்து வண்டிகளே போதும். ஆனால் 6.00, 6.22, 6.44, 7.06 என்று நகரும் நேரங்களைப் பயணி எவரும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு மணியிலும் 00, 20, 40 என்று வந்தால் ஒருமுறை பார்த்தாலே நினைவில் நிற்கும். இந்நிலையில் நல்ல திட்டமிடுநர் இடைவெளியில் கைவைக்கும் முன் ஓட்ட நேரத்தைத்தான் ஆராய்வார். பேருந்துக்கெனத் தனிப் பாதை, சிக்னலில் முன்னுரிமை, மிக நெருக்கமாக இருக்கும் நிறுத்தங்களை இணைத்தல் ஆகியவற்றால் சுற்றுக்குப் பத்து நிமிடம் குறைந்துவிட்டால், அதே ஐந்து வண்டிகளில் 20 நிமிடச் சேவை கிடைத்துவிடும். முனையில் நிற்கும் நேரத்தைச் சுரண்டி அந்தப் பத்து நிமிடத்தை எடுக்க நினைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் காலையில் ஏற்பட்ட தாமதம் மாலைவரை தொடர்ந்து வரும்.

இந்தக் கணக்கை ஒரு நாடு முழுவதற்கும் போட்டுக் காட்டியது சுவிட்சர்லாந்து. 1982 மே மாதத்தில் அங்கே மணிக்கொரு ரயில் என்ற சீரான அட்டவணை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது; அதன் அடுத்த கட்டமான 'ரயில் 2000' திட்டத்துக்கு 1987 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தது. முக்கியச் சந்திப்புகளில் ரயில்கள் எல்லாம் முழு மணிக்குச் சற்று முன் வந்து சேரும். பயணிகள் மாறிக்கொண்டதும் சற்றுப் பின் புறப்படும். அப்படியானால் சூரிச், பெர்ன், பாசெல் ஆகிய சந்திப்புகளுக்கு இடையே பயண நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக இருந்தாக வேண்டும். 65 நிமிடமானால் இணைப்பு ரயில்கள் எல்லாம் தவறிவிடும். பெருஞ்செலவு செய்து 45 நிமிடமாக்கினாலோ, மிச்சமான கால் மணி நேரமும் இணைப்புக்காகக் காத்திருப்பதிலேயே கழியும். எனவே அட்டவணையை முதலில் எழுதி, அதற்குத் தேவையான இடத்தில் மட்டும் தண்டவாளம் போட்டார்கள். 2004 டிசம்பரில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளமுள்ள மாட்ஸ்டெட்டன்–ரோட்ரிஸ்ட் புதுப்பாதையால், ஒரு மணிக்கு மேலாகிக்கொண்டிருந்த சூரிச்–பெர்ன் பயணம் சுமார் 56 நிமிடமாயிற்று. அதற்குமேல் வேகத்துக்குச் செலவழிக்க அவர்கள் அவசரப்படவில்லை. பாதை போட்ட பிறகு அட்டவணையைப் பற்றி யோசிப்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கம் என்பதால், இது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வண்டிகளை இன்னும் அடிக்கடி விடுவதிலும் எல்லா இடத்திலும் ஒரே பலன் கிடைப்பதில்லை. அட்டவணை பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக இடைவெளியில் பாதி நேரம் காத்திருக்கிறார் என்று கொண்டால், 30 நிமிடத்தை 15 ஆக்குவது அவருக்கு ஏழரை நிமிடத்தை மிச்சப்படுத்தும். 10 நிமிடத்தை 5 ஆக்குவது இரண்டரை நிமிடத்தையே மிச்சப்படுத்தும். இரண்டிலும் வண்டிகள் இரட்டிப்பாக வேண்டும். கூட்டம் பிதுங்கினாலொழிய இரண்டாவது செலவு நியாயமாகாது.

செலவைக் குறைக்கச் சொன்னதும் நிர்வாகம் வழக்கமாக மதிய நடைகளையும் இரவின் கடைசி நடையையும்தான் வெட்டும். இதில் நான் உடன்படுவதில்லை. எத்தனை வண்டிகள் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது காலை நெரிசல் நேரம். மதியத்தில் அதே வண்டி பணிமனையில் நின்றாலும் அதன் விலையும் வட்டியும் குறைவதில்லை. ஓட்டுநரின் பணிநேரம் இடையில் வெட்டுப்படுவதால் சம்பளத்திலும் எதிர்பார்த்த அளவு மிஞ்சாது. டீசலும் தேய்மானமும் மட்டுமே பெரும்பாலும் மிஞ்சும். கடைசி நடையின் கணக்கு இன்னும் ஏமாற்றும். அதில் பத்துப் பேர்தான் ஏறுகிறார்கள் என்று நிறுத்தினால், இரவு திரும்ப வண்டியில்லை என்று அந்தப் பத்துப் பேரும் காலையிலேயே இருசக்கர வாகனத்தை எடுத்துவிடுவார்கள். இரவு எட்டு மணி வண்டியில் வருபவர்கள்கூட, வேலை நீண்டால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வருகிறார்கள்.

வருவாயால் ஒருபோதும் ஈடுகட்ட முடியாத கிராமத்து நடைகளை அட்டவணைக்காரர் தம் விருப்பப்படி சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது என் கருத்து. சுவிட்சர்லாந்தில் வட்டாரச் சேவைகளைக் கன்டோன்கள் எனப்படும் மாநிலங்களும் கூட்டாட்சி அரசும் முன்கூட்டியே கேட்டுப் பெறுகின்றன. திட்டமிட்ட செலவில் வருவாய்க்குள் அடங்காத பகுதியை அவையே ஏற்கின்றன. ஒரு நடைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுச் சொல்வது அட்டவணைக்காரரின் வேலை. அதை ஓட்டலாமா வேண்டாமா என்பதைப் பணம் தருபவர் வெளிப்படையாக முடிவு செய்ய வேண்டும்.