பையன் கல்லூரியை விடுகிறேன் என்கிறான். நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகன் புதுச்சேரியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடிக்கப் போகிறான். கல்விக் கடன் 4 லட்சம். இதுவரை 2 லட்சம் கல்லூரிக்குப் போயிருக்கிறது. ஐந்து பாடங்களில் அரியர். 'சிப்காட்டில் வேலைக்குப் போகிறேன்' என்கிறான். சகவாசம் சரியில்லை. கடன் போக ஆண்டுக்கு 60,000 ரூபாய் நாங்கள் கட்ட வேண்டும். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டால் படித்துத்தானே ஆக வேண்டும்?

பதில்: இப்போதைக்கு நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

முதலில் பையனின் மதிப்பெண் பட்டியல்களை வாங்கி மேசையில் விரித்து வையுங்கள். திட்டுவதற்காக அல்ல. அந்த ஐந்தும் எந்தப் பாடங்கள், எந்தப் பருவத்தவை என்று பாருங்கள். முதல் பருவக் கணிதமும் அதன்மேல் கட்டிய பாடங்களுமே என்றால் சகவாசத்தின் மேல் பழி போடுவது வீண். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்த பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்: முதல் தேர்வில் விழுவார்கள், வீட்டில் சொல்ல மாட்டார்கள், பிறகு வகுப்புக்குப் போகவே கூசுவார்கள். வருகைப் பதிவு குறையும். அடுத்த தேர்வும் போகும். 'பணம் வீணாகிறதே, அப்பா கஷ்டப்படுகிறாரே' என்பதும் அவர்கள் சொல்லாத காரணங்களில் ஒன்று. நகை அடகுக்குப் போவது அந்தப் பாரத்தைக் கூட்டத்தான் செய்யும்.

இனி கணக்கு. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சமாகப் போன பணத்துக்கு இதுவரை தனிவட்டி சுமார் 30,000. இன்று நின்றால் 2.3 லட்சத்தை ஐந்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 4,900 ரூபாய். தொடர்ந்தால் இன்னும் 2 லட்சம் வங்கிக் கடனும் 1.2 லட்சம் நகைக் கடனும் ஏறும். அரியர் பத்தாகி நான்காம் ஆண்டில் நின்றால் அத்தனையும் பட்டமில்லாமல் உங்கள் தலையில்தான்; கடனில் நீங்களும் கூட்டாளி, தவணை தவறினால், வங்கிகள் அடுத்த கடன் தரும்முன் பார்க்கும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் இறங்கும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து மத்திய அரசின் வட்டி மானியம் பெறுகிறீர்கள் என்றால் இன்னொன்று: படிப்பைப் பாதியில் விட்டால் அது கிடையாது. மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பையனுக்கு உண்மையிலேயே உடலோ மனமோ சரியில்லை என்றால் மருத்துவச் சான்றுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்பது, தொடர்வது என்று இரண்டே வழி இல்லை. ஓராண்டு இடைவெளி விட்டு அரியரை முடித்துத் திரும்பலாமா என்று கல்லூரி முதல்வரிடம் கேளுங்கள். படிப்பு நீண்டால் கடன் கால நீட்டிப்புக்கும் வங்கி விதிகளில் இடம் உண்டு. எழுத்தில் விண்ணப்பியுங்கள். சிப்காட் வேலை என்றால் ஒப்பந்தக்காரர் மூலமா, பி.எஃப். உண்டா, கைக்கு எவ்வளவு வரும் என்று பையனே விசாரித்து வரட்டும். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

எப்படியும் விலகுவதுதான் என்றால், 'மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ்' என்று கல்லூரி சொல்லக்கூடும். மிரளாதீர்கள். விலகும் மாணவரிடம் அடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்பது பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் விதி. அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) அனுமதிப்பதில்லை. விலகல் கடிதத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதன் நகலோடு அன்றே வங்கிக்குப் போய், மூன்றாம் ஆண்டுத் தவணையைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.